கொள்ளுப்பாட்டன் பெயர் குப்பை

பள்ளிப் பிள்ளைகளிடம் குடும்ப மரம் வரைந்துவரச் சொல்லும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. தாய், தந்தை, தாத்தா, பாட்டி வரை எழுதுவதில் தடை ஏதுமில்லை. அதற்கு மேலுள்ள கிளைக்குப் போகும்போதுதான் வீட்டில் ஒரு சிறு கலக்கம் எழுகிறது. கொள்ளுப்பாட்டன் பெயர் ‘குப்பை’ என்று வீட்டுப் பெரியவர் சொல்வார். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். ‘குப்புசாமி என்று எழுது’ என்று தாய் அவசரமாகக் குறுக்கிடுவார். ‘பிச்சை’ என்ற பெயர் ‘பிச்சையம்மாள்’ ஆகும். ‘போதும்பொண்ணு’ என்று ஒருவர் இருந்திருந்தால் அந்தக் கட்டமே வெறுமையாக விடப்படும்.

இது தீங்கில்லாத திருத்தம் என்று தோன்றலாம். ஆனால், காவிரிப் படுகையின் சாதாரணக் குடும்பங்களுக்கு எழுதப்பட்ட வரலாறு மிகக் குறைவு. செப்பேடும் கல்வெட்டும் அவர்களைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. நான்கைந்து தலைமுறைக்கு முன் வாழ்ந்த ஓர் உழவரைப் பற்றியோ ஓர் உழத்தியைப் பற்றியோ நம்மிடம் எஞ்சியிருப்பது பல நேரங்களில் அவருடைய பெயர் மட்டுமே. அந்தப் பெயரையும் நாகரிகம் கருதி மாற்றிவிட்டால், அவரைப் பற்றிய ஒரே சான்றும் அழிந்துபோகிறது. சிரிப்பூட்டும் பெயர்கள் பலவும் கவனித்துப் படிக்க வேண்டிய ஆவணங்கள்.

பெயரனும் பேரனும்

‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்கியவன் என்பது அதன் பொருள். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பத் திரும்ப வருவதால், மரம் வரைய முற்படுகிறவர் முதலில் தடுமாறுவது இங்கேதான். மூன்று கோவிந்தசாமிகளில் நிலத்தை வாங்கியவர் யார், விற்றவர் யார் என்று பிரித்தறிவது எளிதன்று.

இதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் பெண்கள் வாயால் சொல்லலாகாது என்ற கட்டுப்பாடு அது. மாமனார் பெயரைத் தன் மகனுக்கே வைத்துவிட்டால் தாய் அவனை எப்படி அழைப்பாள்? எனவேதான் தம்பி, அம்பி, அப்பு, துரை, குஞ்சு, ராசா என்று கூப்பிடும் பெயர்கள் பெருகின. காலப்போக்கில் கூப்பிட்ட பெயர் நிலைத்து, வைத்த பெயர் மறைந்தது. பத்திரத்தில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர், சாதகத்தில் ஒரு பெயர் என்று ஒரே மனிதர் மூவராகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று படுகையிலேயே உண்டு. உத்தமதானபுரத்துக் குடும்பத்தில் 1855இல் பிறந்த ஒரு பிள்ளைக்கு வேங்கடராமன் என்று பெயரிட்டார்கள். வீட்டில் சாமிநாதன் என்றும், சுருக்கமாகச் சாமா என்றும் அழைத்தார்கள். மாயூரத்தில் அவருக்குத் தமிழ் கற்பித்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குச் சாமிநாதன் என்பதே பிடித்திருந்தது. உ. வே. சாமிநாதையர் என்று தமிழுலகம் அறிந்தது அப்படித்தான். அவருடைய தன்வரலாறு நமக்குக் கிடைத்திருப்பதால் வேங்கடராமனும் சாமிநாதனும் ஒருவரே என்று தெரிகிறது. தன்வரலாறு எழுதாதவர்களின் கதை அப்படித் துலங்குவதில்லை.

சாவை ஏமாற்றிய பெயர்கள்

குப்பை, பிச்சை, தவிடு, மண்ணாங்கட்டி, மூக்கன், மூக்காயி. இழிவாகத் தோன்றும் இப்பெயர்களுக்குப் பின்னால் இருந்தது அலட்சியமன்று, அச்சம். ஒரு வீட்டில் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்தால், அடுத்துப் பிறந்த குழந்தையைப் பிறந்தவுடன் குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்தி எடுப்பார்கள். யாருக்கும் வேண்டாத பொருள் இது, எமனே, உனக்கும் வேண்டாம் என்பது அதன் உட்பொருள். வேறு சிலர் குழந்தையை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை பிறகு தவிடன் ஆனான், தவிட்டம்மாள் ஆனாள். பிச்சையெடுத்துப் பெற்ற பிள்ளை பிச்சை. மூக்குக் குத்தி அடையாளம் மாற்றப்பட்ட ஆண்பிள்ளை மூக்கன்.

கருவைக் காக்கத் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகையையும் நோய் தீர்க்க வைத்தீசுவரன்கோயிலையும் நம்பியிருந்த மண் இது. தடுப்பூசியும் மருத்துவமனைப் பேறும் வருவதற்கு முன், பெற்றோரின் கையில் இருந்த மருந்துகளில் ஒன்று பெயர். தமிழ்நாட்டில் 1970களின் தொடக்கத்தில்கூட ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020இல் அந்த எண்ணிக்கை 13. குப்பை என்ற பெயர் புதிதாக வைக்கப்படுவது நின்றுபோனதற்கு நாகரிகம் ஒரு காரணம் என்றால், இந்த எண் அதைவிடப் பெரிய காரணம்.

இந்தத் தந்திரம் நமக்கு மட்டும் உரியதும் அன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களிடையே, பிறந்து பிறந்து இறக்கும் குழந்தைகளுக்கென்றே தனிப் பெயர்கள் உண்டு. 1845 முதல் 1851 வரை லாகோசை ஆண்ட மன்னரின் பெயர் கொசோகோ. குழி தோண்ட மண்வெட்டி இல்லை என்பது அதன் பொருள். புதைக்கக் கருவி இல்லாததால் இந்தக் குழந்தை இறக்கக் கூடாது என்று பெற்றோர் சாவோடு வழக்காடியிருக்கிறார்கள். ஒரு மன்னன் அந்தப் பெயரோடு அரியணையில் அமர்ந்தான். அவனுடைய வழிவந்தோர் யாரும் அதைத் திருத்தி எழுதவில்லை.

ஆகவே, குடும்ப மரத்தில் ஒரு குப்பையோ பிச்சையோ இருந்தால், அவருக்கு முன் பிறந்து பெயரின்றி மறைந்த உடன்பிறப்புகள் இருந்திருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத அக்குழந்தைகளின் ஒரே சுவடு, பிழைத்துக்கொண்டவரின் பெயர்தான்.

உப்பில்லாத பெருமாளும் சட்டையணிந்த சிவனும்

இன்னொரு வகைப் பெயர்கள் கோயிலிலிருந்து வந்தவை. வெளியூர்க்காரருக்கு இவை விந்தையாகத் தோன்றும். படுகையைச் சேர்ந்தவர்க்கோ இவை ஊர்ப்பெயருக்குச் சமம். உப்பிலி என்ற பெயரைக் கேட்டால் கும்பகோணத்தை அடுத்த ஒப்பிலியப்பன் கோயில் நினைவுக்கு வரும். ஒப்பில்லாத அப்பன், உப்பில்லாத நிவேதனத்தால் மக்கள் வழக்கில் உப்பிலியப்பன் ஆனார். சட்டையப்பன், சட்டைநாதன் என்றால் சீர்காழி. பஞ்சநதம், பஞ்சாபகேசன் என்றால் ஐந்து ஆறுகளின் பெயர்கொண்ட திருவையாறு. அதையே தமிழாக்கினால் ஐயாறப்பன். ஆபத்சகாயம் என்றால் ஆலங்குடி. உத்திராபதி என்றால் சிறுத்தொண்டர் வாழ்ந்த திருச்செங்காட்டங்குடி. கரும்பாயிரம் என்றால் கும்பகோணத்துப் பிள்ளையார். ஐராவதம் என்றால் தாராசுரம். அபயாம்பாள் மயிலாடுதுறைக்காரி, நீலாயதாட்சி நாகப்பட்டினத்துக்காரி, மங்களாம்பாள் கும்பகோணத்துக்காரி.

இளைஞர்கள் இன்று கேலி செய்யும் ‘பாவாடை’ என்ற பெயருக்கும் உடைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அங்காளம்மனுக்குக் காவலாக நிற்கும் பாவாடைராயன் என்ற தெய்வத்தின் பெயர் அது. அந்தத் தெய்வத்தை அறிந்தவர்கள் குறையக் குறையப் பெயர் வேடிக்கையாகிவிட்டது.

குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு இப்பெயர்கள் திசைகாட்டிகள். ஒரு குடும்பம் சென்னையிலோ மும்பையிலோ மூன்று தலைமுறையாக வாழ்ந்து பூர்வீகத்தை மறந்திருக்கலாம். மூதாதையர் பட்டியலில் இரண்டு உத்திராபதிகளும் ஒரு சீராளனும் இருந்தால், தேடலைத் திருச்செங்காட்டங்குடிப் பக்கம் தொடங்குவது நியாயம். குலதெய்வம் எது என்று தெரியாமல் சோதிடரிடம் போகும் பல குடும்பங்களுக்கு, விடை தம் பெரியப்பாவின் பெயரிலேயே இருக்கக்கூடும்.

இறைவேண்டலையே பெயராக்குவதும் உலகப் பொது வழக்கம். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டுத் தூய்மைவாதக் கிறித்தவர் ஒருவரின் பெயர் ‘பிரெய்ஸ் காட்’ பேர்போன். இறைவனைத் துதி என்பது அவருடைய முதற்பெயர். 1653இல் கூடிய நாடாளுமன்றம் வரலாற்றில் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ‘ஆபத்தில் துணை’ என்று பொருள்படும் நம் ஆபத்சகாயம், அவருக்கு எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர்.

கல்லில் ஒரு பெயர்ப் பதிவேடு

படுகையின் மிகப் பழைய பெயர்ப் பட்டியல்களுள் ஒன்று தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. 1010ஆம் ஆண்டையொட்டி நிறைவுற்ற அக்கோயிலுக்கு, சோழநாட்டின் பல தளிகளிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை முதலாம் இராசராசன் குடியமர்த்தினான். ஒவ்வொருவரின் பெயரும், முன்பு இருந்த கோயிலும், இப்போது வசிக்கும் தெருச் சிறகும், அச்சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒருவருக்கு ஒரு பங்கு என்ற கணக்கில், ஆண்டுக்கு நூறு கலம் நெல்.

சேரமங்கை, தில்லையழகி, எடுத்தபாதம் என்பன அப்பட்டியலில் உள்ள சில பெயர்கள். தூக்கிய திருவடி என்று ஒரு பெண்ணுக்குப் பெயர் இருந்தது என்றால் முதலில் புன்னகை வரும். ஆடவல்லானின் கோயிலில் ஆடும் பெண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது என்பது அடுத்த கணம் புரியும். அவர்கள் பெயருக்கு முன், தந்தை பெயர் வரவேண்டிய இடத்தில், சிவனைக் குறிக்கும் ‘நக்கன்’ என்ற சொல் நிற்கிறது. அதே கோயிலில் கட்டடக் கலைஞர் குஞ்சரமல்லனின் பெயரும் உண்டு. அவர் இராசராசப் பெருந்தச்சன் என்ற பட்டம் பெற்றவர். நாவிதர் ஒருவரும் இராசராசப் பெருநாவிசன் ஆக்கப்பட்டிருக்கிறார். மன்னனின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு வழங்கப்பட்டது.

இத்தனை துல்லியம் எதற்காக? பங்கு பெறுபவர் இறந்தாலோ இடம்பெயர்ந்தாலோ, தகுதியுள்ள நெருங்கிய உறவினர் அப்பணியைச் செய்து பங்கைப் பெறலாம் என்று அக்கல்வெட்டு விதிக்கிறது. நெல்லுக்கான உரிமை பெயரைச் சார்ந்திருந்தது. இன்று வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்கும் ஒருவர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த விதியை நன்றாகவே புரிந்துகொள்வார்.

மராட்டியர் இதை வேறு வகையில் செய்தனர். 1803இல் இரண்டாம் சரபோஜி, போன்சலே மரபின் வரலாற்றையே மராத்தி மொழியில் அதே கோயிலின் சுவரில் பொறிக்கச் செய்தார். சரபோஜி என்ற பெயரைச் சரபப் பறவையோடும் போசராசனோடும் இணைத்துப் பார்க்க நமக்குத் தோன்றும். மரபுவழிச் செய்தி வேறு. போன்சலே மரபின் மூதாதையான மாலோஜி, அகமதுநகரைச் சேர்ந்த ஷா ஷெரீப் என்ற இசுலாமிய ஞானியை வேண்டிப் பிறந்த இரு மகன்களுக்கு ஷாஹாஜி, ஷெரீப்ஜி என்று பெயரிட்டார். அந்த ஷெரீப்ஜியே தஞ்சையில் சரபோஜி ஆயிற்று. இந்து அரசமரபு ஒன்றின் குடும்பப் பெயரில் ஒரு சூபி ஞானி குடியிருக்கிறார். அதே மரபைச் சேர்ந்த பிரதாபசிங், நாகூர் தர்காவின் மிக உயரமான மினாராவைக் கட்டித் தந்தார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

மொழிபெயர்க்கப்பட்ட மனிதர்கள்

தேவாலயப் பதிவேடுகளில் தேடுகிறவர்களுக்கு வேறொரு விந்தை காத்திருக்கிறது. சின்னப்பன் என்ற பெயரைக் கண்டதும் சிறிய தகப்பன் என்று நினைப்போம். பவுல் என்பதன் இலத்தீன் மூலமான பவுலுஸ் என்ற சொல்லுக்குச் சிறியவர் என்று பொருள். அதன் தமிழாக்கமே சின்னப்பன். அருளானந்தம் என்பது யோவான். சவரிமுத்து என்பதில் இருப்பவர் சவேரியார். சூசை என்பது போர்த்துக்கீசிய ஒலிவழி வந்த யோசேப்பு. சந்தியாகு என்பவர் யாக்கோபு. வேளாங்கண்ணியின் ஆரோக்கிய அன்னை, ஆயிரக்கணக்கான ஆரோக்கியசாமிகளையும் ஆரோக்கியமேரிகளையும் தந்திருக்கிறார். இத்தாலியரான கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கியே தம் பெயரின் பொருளைத் தழுவித் தைரியநாதர் என்று பெயர் பூண்டு, பின்பு வீரமாமுனிவர் என்று அறியப்பட்டார்.

சில பெயர்கள் மதத்தின் எல்லையில் நிற்பதில்லை. பெரியநாயகி என்பவர் தஞ்சைப் பெரிய கோயிலின் அம்மன். பெஸ்கி மரியன்னைக்குச் சூட்டிய பெயரும் அதுவே. தரங்கம்பாடிக் கடற்கரையில் நிற்கும் சிவன் கோயிலின் இறைவர் மாசிலாமணிநாதர். மாசிலாமணி என்ற பெயரை அவ்வூர்ப் பக்கத்தில் சைவரும் வைப்பர், கிறித்தவரும் வைப்பர். பெயரை மட்டும் வைத்துப் பாட்டனின் சமயத்தை முடிவுகட்டுவது படுகையில் சரிவராது.

அந்தப் பக்கத்துக் காரைக்காலில், பிரெஞ்சு ஆட்சி இன்னொரு வகைப் பெயர்களை விட்டுச் சென்றது. 1881 செப்டம்பர் ஆணைப்படி, மரபுவழிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொள்கிறவர்கள் குடும்பப்பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தலைமுறைதோறும் பெயர் மாறும் தமிழர்களுக்குக் குடும்பப்பெயர் ஏது? பிரெஞ்சுச் சொற்களையே பலர் சூடிக்கொண்டனர். இவ்வியக்கத்தின் முன்னோடியான புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, லபோர்த் என்ற பெயரை ஏற்றார். பிரெஞ்சில் அதற்குக் ‘கதவு’ என்று பொருள். காலணியணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிசு வரை முறையிட்டு வென்றவர் அவர். சாதி அடையாளத்தைக் கழற்றிவைக்க அந்தப் பெயர்ப் பதிவு பலருக்கு வாய்ப்பளித்தது. 1962இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, யார் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற கேள்விக்கும் இத்தகைய பதிவேடுகள் பயன்பட்டன. நம் காதுக்கு விசித்திரமாக ஒலிக்கும் ஒரு பெயர், ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டாகவும் ஆகியிருக்கிறது.

கடல் கடந்த குப்புசாமிகள்

தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தவர்களின் பெயர்களை எழுதியவர்கள் தமிழறியாத எழுத்தர்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சென்ற 1,52,184 இந்தியர்களின் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், வட்டம், மாவட்டம், உடல் அடையாளம் எல்லாம் அவற்றில் உண்டு. முனிசாமி அங்கே மூன்சாமி ஆனார். கவுண்டர் கொவெண்டர் ஆனார். படையாட்சி என்ற சாதிப்பெயரும் முத்துசாமி என்ற இயற்பெயரும் ஒன்றுபோல் குடும்பப்பெயர்களாக உறைந்தன. பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்களிடையே, ரீயூனியனில் ராமசாமியையும் வீரப்பிள்ளையையும், குவாதலூப்பில் முத்துசாமியையும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் காணலாம். மொரீசியசில் குப்புசாமியும் பாவாடையும் மதிப்புக்குரிய குடும்பப்பெயர்கள். நாம் இங்கே மறைக்கும் பெயரை அங்கே ஒரு குடும்பம் தலைமுறைதோறும் கையொப்பமாக இடுகிறது.

அந்தப் பெயர்களோடு அவமானமும் பயணித்தது. தென்னாப்பிரிக்காவில் தமிழர் பெயர்கள் பலவும் ‘சாமி’ என்று முடிந்ததால், இந்தியர் அனைவரையும் வெள்ளையர் ‘சாமி’ என்று இழிவாக அழைத்ததைக் காந்தி தம் தன்வரலாற்றில் விளக்கியிருக்கிறார். தலைவன் என்று பொருள்படும் ஒரு சொல் வசைச்சொல்லாக மாறியிருந்தது. அங்கே சிறை சென்று 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மை, பிறந்தது சோகன்னசுபர்க்கில். அவருடைய பெற்றோரின் ஊர் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி. கண்ணால் பாராத அவ்வூரின் பெயர்தான் அவர் பெயருக்கு முன் நிரந்தரமாக நிற்கிறது. ஊரையும் தந்தையையும் முன்னெழுத்தாகச் சுமக்கும் தமிழ் மரபு, கடலைத் தாண்டியும் தன் வேலையைச் செய்தது.

இன்று அவ்வழித்தோன்றல்கள் பழைய பட்டியலின் நகலோடு படுகைக்கு வருகிறார்கள். இது வெறும் ஏக்கப் பயணம் மட்டுமன்று. மொரீசியசில் ஏழாம் தலைமுறை வரையிலான இந்திய வம்சாவளியினரும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை பெறலாம் என்று 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. இத்தகைய உரிமைகளுக்கு மூதாதையரின் பெயர் ஆவணத்தில் இருந்தபடியே தேவைப்படுகிறது. அவர்கள் தேடிவரும் ‘குப்பை’ இங்கே யாரோ ஒரு பேரனால் வேறு பெயராகத் திருத்தப்பட்டிருந்தால், இரு கிளைகளும் சந்திக்கவே முடியாது.

பெயர் வைக்கும் அதிகாரம்

எல்லாப் பெயர்களையும் அன்பின் கணக்கில் சேர்த்துவிட முடியாது. பழைய பத்திரங்களைப் புரட்டினால் நிலவுடைமையாளர் ‘பிள்ளை அவர்கள் குமாரர்’ என்றும், பண்ணையாள் வெறும் ‘மகன்’ என்றும் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒருவர் பெயரில் சாமியும் மற்றவர் பெயரில் அன் விகுதியும் இருந்ததற்குச் சாதியே காரணம். மதிப்பான பெயரை வைத்துக்கொள்வதும் ஓர் உரிமைப் போராட்டமாக இருந்தது. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழிவகுத்த விவசாய இயக்கம் வேரூன்றிய கீழத்தஞ்சையில், லெனினும் ஸ்டாலினும் தெருவுக்குத் தெரு உண்டு. வெளியார் சிரிக்கக்கூடும். தந்தை கருப்பன் என்று ஒருமையில் விளிக்கப்பட்டதைக் கண்ட ஒருவர், தன் மகனை யாரும் அப்படி விளிக்க முடியாத பெயரைத் தேடினார் என்று அதை வாசிக்க வேண்டும்.

மொழியியக்கமும் பெயர்களை மாற்றியது. நாகப்பட்டினத்தில் பிறந்த வேதாசலம், வேதத்தை மறையாகவும் அசலத்தை மலையாகவும் பெயர்த்து மறைமலை ஆனார். திருக்குவளையில் தட்சிணாமூர்த்தியாகப் பிறந்தவர் கருணாநிதி என்று அறியப்பட்டார். சோவியத் தலைவர் மறைந்த 1953 மார்ச்சில் பிறந்த தம் மகனுக்கு அத்தலைவரின் பெயரையே வைத்தார். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு, சாதிப்பட்டத்தைத் துறந்த குடும்பங்களும் ஏராளம். ஒரு மரத்தில் திடீரென்று பிள்ளையும் முதலியாரும் மறைந்து, எழிலனும் தமிழரசியும் தோன்றும் தலைமுறை எது என்று பார்த்தால், அந்த வீட்டுக்குள் அரசியல் நுழைந்த காலம் தெரிந்துவிடும்.

இவற்றுள் மிகவும் வலிப்பவை பெண்களின் பெயர்கள். வேண்டாம், போதும்பொண்ணு, போதுமணி ஆகியவை சாவை ஏமாற்ற வைத்த பெயர்கள் அல்ல. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று, பிறந்த பெண்ணின் தலையில் எழுதிய விண்ணப்பங்கள் அவை. ‘குப்பை’ என்ற பெயர் குழந்தை வாழ வேண்டும் என்று சொன்னது. ‘வேண்டாம்’ என்ற பெயர் சொன்னது வேறு. மராட்டியத்தின் சாத்தாரா மாவட்டத்தில் ‘வேண்டாதவள்’ என்று பொருள்படும் நகுசா, நகுசி என்ற பெயர்களோடு வாழ்ந்த 280க்கும் மேற்பட்ட சிறுமியருக்கு, 2011 அக்டோபரில் அரசு விழா எடுத்துப் புதிய பெயர் சூட்டினர். வாழ்கிறவருக்குத் தம் பெயரை மாற்றிக்கொள்ளும் முழு உரிமை உண்டு. மறைந்தவரின் பெயரை நாம் மாற்றுவது வேறு செயல். அதனால் அவருடைய துன்பம் குறையாது, நம்முடைய கூச்சம்தான் குறையும்.

எழுதிவைக்க வேண்டியவை

அடிக்கடி நேர்வது இன்னொன்று. மரத்தில் பெண்ணுக்கான கட்டமே இல்லாமல் போவது. மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லி நீர்க்கடன் செய்யும் வீடுகளில்கூடத் தந்தைவழிப் பெயர்கள் நினைவில் நிற்கும் அளவுக்குத் தாய்வழிப் பெயர்கள் நிற்பதில்லை. அவற்றைத் தேட, மொய் நோட்டுகள் ஒரு நல்ல இடம். பேராவூரணி வட்டாரம் போன்று மொய்விருந்து செழித்த ஊர்களில், ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறிய ஊர், வீட்டுப்பெயர், பட்டப்பெயர் என்று எல்லாவற்றையும் சேர்த்தெழுதும் வழக்கம் உண்டு. வாண்டையார், மழவராயர், சோழகர் போன்று தஞ்சைக் கள்ளர் மரபில் வழங்கும் நூற்றுக்கணக்கான பட்டப்பெயர்கள், குடும்பப்பெயரில்லாத தமிழ்ச் சூழலில் அந்த வேலையைச் செய்கின்றன. பழைய கலியாணப் பத்திரிகைகளும் ஓலைச் சாதகங்களும் அடுத்துப் பார்க்க வேண்டியவை. பிறப்புப் பதிவேட்டில் பெயரே இல்லாமல் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருந்தால் மனம் தளர வேண்டாம். பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவது வழக்கம். ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், பதினைந்து ஆண்டுகள் வரை கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்க விதி இடமளிக்கிறது. பலர் அதைச் செய்யாமலே விட்டிருக்கிறார்கள்.

கிடைத்த பெயரைக் கிடைத்தபடியே எழுதுவது முதல் விதி. குப்பை என்றால் குப்பை. பின்னாளில் குப்புசாமி என்று அழைக்கப்பட்டிருந்தால் அதைப் பக்கத்தில் தனியே குறிக்கலாம். கூப்பிட்ட பெயர், பத்திரப் பெயர், ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றையும் சேர்த்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்தப் பெயர் ஏன் வைக்கப்பட்டது என்று வீட்டில் மூத்தவரிடம் கேட்டு இரண்டு வரி எழுதிவைப்பது. பதிவேட்டை இன்னும் ஐம்பது ஆண்டு கழித்தும் தேடலாம். அந்தக் காரணத்தைச் சொல்லக்கூடியவர் அதுவரை இருக்கமாட்டார்.

பள்ளிக்குப் போகும் குடும்ப மரத்தில் ‘குப்பை’ என்ற பெயர் இருந்தால் வகுப்பில் சிரிப்பொலி எழத்தான் செய்யும். எழட்டும். அப்போது, தனக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் இறந்துபோனதால் என் கொள்ளுப்பாட்டனுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள், அவர் பிழைத்ததால்தான் நான் இங்கே இருக்கிறேன் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.